தரைக்கும் வேர்க்கும்

பாப்பாரப்பட்டியில் இருக்கும் அந்த வீட்டில் கேழ்வரகு மூட்டையை ஒருநாளும் தரையில் நேராக வைத்ததில்லை. கீழே நாலு செங்கல், அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல்தான் மூட்டை. மகன் சின்னப் பையனாக இருந்தபோது ஏன் என்று கேட்டிருக்கிறான்.

"தரைக்கும் வேர்க்கும் கண்ணு. மூட்டையை அப்படியே வெச்சா அடியில பூசணம் பூத்துடும்" என்பார் அம்மா.

முப்பத்தைந்து வருடங்கள் கழித்துத்தான் அந்த வார்த்தை அவனுக்கு முழுதாகப் புரிந்தது. அப்போது அம்மாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி என்றால் சுப்பிரமணிய சிவா நினைவுக்கு வருவார். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்ற கனவோடு வாழ்ந்த அந்தத் தியாகி, 1925 ஜூலை 23 அன்று கண்மூடியது இந்த ஊரில்தான். உள்ளூர்க்காரர்களுக்கு ஊர் நினைப்பு என்றால் கேழ்வரகுக் களியும் புளியும். அந்த அம்மாவுக்கு இப்போது 72 வயது. கணவர் போன பிறகும் சொந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். தை கடைசியில் புளி வர ஆரம்பித்தால் பங்குனி வரை வீட்டு வாசலை ஒட்டிய மூலையில் உட்கார்ந்துவிடுவார். ஓடு உடைத்து, நார் உரித்து, தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. பெரிய காசு இல்லைதான். ஆனால் அந்தக் காசுக்கு அவர் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மகனுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. மாதம் ஒருமுறை வந்து போவான்.

மூன்று நாள் வேலை

வீட்டுத் தரை சாதாரண சிமெண்ட் தரை. முன்பு மண் தரையாக இருந்து, வெள்ளிக்கிழமை தோறும் சாணம் போட்டு மெழுகிய வீடு அது. பிறகு ஜல்லி கலவை போட்டு, மேலே சிமெண்ட் பால் ஊற்றிக் கரணையால் இழைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார்கள். கிட்டத்தட்ட முப்பத்தைந்து வருடத்தில் அங்கங்கே விரிசல். கதவருகே தேய்ந்து மண் நிறம். சமையலறை வாசலில் குழாய் உடைந்து, தோண்டிப் புதிதாகப் பூசிய ஒரு ஒட்டு.

போன ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள் விடுமுறையில் வந்த மகன், தரைக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று முடிவு செய்தான். அம்மாவுக்குச் சிவப்புத் தரை மேல் ஆசை என்று அவனுக்குத் தெரியும். அவர் பிறந்த வீட்டில் ரெட் ஆக்சைடு தரை இருந்தது. சிவப்பின் மேல் வெள்ளைக் கோலம் எடுத்துக் காட்டும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

கடையில் சிவப்பு எனாமல் பெயிண்ட் வாங்கினான். முதல் நாள் காலையில் தரையைக் கூட்டி, ஈரத்துணியால் துடைத்தான். மத்தியானத்துக்குள் ஒரு கோட்டிங். சாயங்காலம் இரண்டாவது கோட்டிங். மறுநாள் மாலை தரை தகதகவென்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "பங்களா மாதிரி ஆயிடுச்சே அக்கா" என்றார்கள். அம்மாவும் சிரித்தார். மூட்டைப் பலகையை மட்டும் பழைய இடத்திலேயே திரும்பப் போட்டார்.

புரட்டாசியில் பின் சுவர் ஓரம் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. கூடத்தின் நடுவில் நாற்காலி இழுத்த இடத்தில் பெயிண்ட் வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது. சமையலறை வாசலில் இருந்த புது ஒட்டின் மேல் பெயிண்ட் காயவே இல்லை. கால் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது.

ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தைய வாரம் நல்ல மழை. கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு ஈரக்காலோடு உள்ளே ஓடிவந்தவர், பளபளப்பான தரையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

"முதல்ல தரையைச் சரி பண்ணு"

ஓசூரிலிருந்து ஓடிவந்த மகன் ஒரே பிடியாக நின்றான். இனிமேல் அம்மா தனியாக இருக்கக் கூடாது. தன்னோடு வந்துவிட வேண்டும். இங்கே யார் பார்த்துக்கொள்வது?

அம்மா நாலு நாள் ஒன்றும் பேசவில்லை. ஐந்தாம் நாள் சொன்னார்.

"நான் பாட்டுக்கு நடந்த தரையிலதான்டா இத்தனை வருஷம் நடந்தேன். நீ வழவழன்னு ஆக்கி வெச்ச தரையில விழுந்தேன். வயசு மேல பழி போடாத. முதல்ல தரையைச் சரி பண்ணு. அப்புறம் பேசிக்கலாம்."

மகனுக்குச் சுருக்கென்றது. அதில் பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

டைல்ஸ் போட்டுவிடலாமா என்று யோசித்தான். பழைய தரைமேல் டைல்ஸ் ஒட்டினால் தரை உயரும், எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டும். பளபளப்பான டைல்ஸ் நனைந்தால் அதுவும் வழுக்கும். கடைசியில், அந்தத் தரையைப் போட்ட மேஸ்திரியையே தேடிப் போனான். அப்போது அப்பாவுக்குக் கையாளாக வந்த இளவட்டம். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது.

தரையைப் படித்தவர்

மேஸ்திரி வந்ததும் பெயிண்டைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வீடு முழுக்க ஒருமுறை நடந்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். பெயிண்ட் உரிந்து சிமெண்ட் தெரிந்த இடத்தில் நாலு சொட்டு விட்டார். சேப்பங்கிழங்கு இலைமேல் விழுந்த மாதிரி தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

"அக்கா, தரைக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பீங்களா?"

அம்மா ஒப்புக்கொண்டார். எறும்பு வராமல் இருக்க, துடைக்கிற தண்ணீரில் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய். பண்டிகை நாளில் மினுமினுப்புக்குத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணி. வருடக்கணக்கில் அப்படித்தான்.

"தண்ணியையே உள்ள விடாத தரை, பெயிண்டை எப்படிப் பிடிக்கும் தம்பி?" என்றார் மேஸ்திரி. கரணையால் இழைத்த தரை ஏற்கெனவே வழவழப்பு. அதன்மேல் எண்ணெய்ப் படலம். பெயிண்டுக்குக் கால் ஊன்ற இடமே இல்லை. அதனால்தான் தோலாக உரிந்து வந்தது.

அடுத்துச் சமையலறை வாசல். அந்த ஒட்டுப் பூசி எத்தனை நாளில் பெயிண்ட் அடித்தாய் என்று கேட்டார். பத்து நாள் என்றான். புது சிமெண்ட் வேலைக்கு 28 நாளாவது ஆற வேண்டும். அதுவரை உள்ளே ஈரம் இருக்கும், காரமும் கடுமையாக இருக்கும். எனாமல் பெயிண்டில் இருப்பது எண்ணெய் சேர்ந்த பிசின். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு. சோப்புக் காய்ச்சுவதே அப்படித்தான். காயாமல் பிசுபிசுத்ததற்குக் காரணம், பெயிண்ட் மெல்ல மெல்லச் சோப்பாக மாறியதுதான்.

பிறகு பின் சுவர் ஓரம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கெட்டியான பிளாஸ்டிக் தாளை வெட்டி, தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டினார். கூடத்தின் நடுவில் இன்னொன்று. "நாளைக்கு மத்தியானம் வர்றேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

பதினாறு மணி நேரம் தாண்டிய பிறகு இரண்டையும் பிரித்தார்கள். கூடத்தில் தாள் காய்ந்து இருந்தது. சுவர் ஓரத்தில் தாளின் அடியில் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். கீழே தரை கறுத்து, ஈரமாக இருந்தது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதைத்தான் நான் வேர்க்குதுன்னு சொன்னேன்" என்றார்.

கான்கிரீட் கண்ணுக்குக் கல் மாதிரி தெரிந்தாலும், உள்ளே முடியைவிட மெல்லிய துளைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்ணில் இருக்கும் ஈரம் அவற்றின் வழியே மேலே ஏறும். தரை வெறுமனே இருந்தால் அந்த ஈரம் ஆவியாகிச் சத்தமில்லாமல் போய்விடும். மேலே பெயிண்ட் பூசி மூடினால், கொதிக்கிற குழம்பு தட்டைத் தூக்குவது போலப் பெயிண்டைத் தூக்கும். பழைய வீடுகளில் தரைக்கு அடியில் ஈரத்தைத் தடுக்க எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். அதனால் இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை.

உரியாத ஒரே மூலை

எல்லாவற்றையும் பார்த்து முடித்த மேஸ்திரி, வாசலை ஒட்டிய மூலையில் வந்து நின்றார். அங்கே மட்டும் பெயிண்ட் அசையாமல் இருந்தது. கரணை நுனியால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

"இங்க என்ன செஞ்சீங்க?" என்று மகனைக் கேட்டார். அவன் அங்கே தனியாக எதுவும் செய்யவில்லை.

அம்மாதான் சொன்னார், "அது நான் புளி தட்டுற எடம்."

மேஸ்திரி சிரித்துவிட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த மூலையில் புளி குவிந்து கிடந்திருக்கிறது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். சிமெண்டில் இருப்பது சுண்ணாம்பு. இரண்டும் சேரும் இடத்தில் மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்குகிற வீடுகளில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. அதோடு தட்டுகிற தட்டில் தரையும் கொத்துப்பட்டு, வருடாவருடம் சீசன் முடிந்ததும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, அந்த இடம் நைஸ் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. வாசல் பக்கம் என்பதால் வெயில் பட்டுக் காய்ந்தும் இருந்தது.

பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒரு தரைக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ, அத்தனையும் அம்மாவின் கை அந்த மூலைக்குத் தெரியாமலே செய்து வைத்திருந்தது. மகன் மூன்று நாளில் அடித்த பெயிண்ட், அவர் முப்பது வருடம் உழைத்த இடத்தில் மட்டும் நின்றது.

பெயிண்டைவிட நாள் அதிகம் பிடித்த வேலை

தைப் பொங்கலுக்குள் மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. கை இன்னும் முழுப் பலத்துக்கு வரவில்லை. புளி வரத்து முழுதாக ஆரம்பிப்பதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று அம்மா கெடு வைத்தார். மகன் வாரக் கடைசிகளில் வந்து, மேஸ்திரிக்குக் கையாளாக நின்றான்.

முதல் வேலை வீட்டுக்கு வெளியே. பின் சுவருக்கு அந்தப் பக்கம் துவைக்கிற கல். அந்தத் தண்ணீரும், கூரையிலிருந்து விழுகிற மழைத் தண்ணீரும் சுவர் அடியிலேயே தேங்கிக் கொண்டிருந்தன. கல்லைத் தள்ளிப் போட்டு, சுவர் ஓரம் மண்ணைச் சரிவாக்கி, தண்ணீர் தோட்டத்துக்கு ஓடுகிற மாதிரி வாய்க்கால் வெட்டினார்கள். வீட்டுக்குள் ஈரத்தைத் துடைப்பதற்கு முன் அது வருகிற வழியை அடைக்க வேண்டும் என்பது மேஸ்திரியின் கணக்கு.

அடுத்து, உரிந்த பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடுத்தார்கள். சலவை சோடா கரைத்த வெந்நீர் ஊற்றி, தேங்காய் நார் பிரஷால் தேய்த்து, நாலு தடவை கழுவினார்கள். எண்ணெய் போகாமல் உரசினால், எண்ணெயைத்தான் உள்ளே தேய்ப்பது போல ஆகும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றிவிடலாமே என்று மகன் கேட்டான். மேஸ்திரி மறுத்தார். ஆசிட் தரையை அரித்துச் சொரசொரப்பாக்கும், உண்மைதான். ஆனால் எண்ணெய் இருக்கும் இடத்திலும் பழைய பெயிண்ட் இருக்கும் இடத்திலும் அது வேலை செய்யாது. மூடிய வீட்டுக்குள் அதன் புகை நெஞ்சைப் பிடிக்கும். ஊற்றியே ஆக வேண்டும் என்றால் வாளித் தண்ணீரில்தான் ஆசிட்டை மெல்ல விட வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் பொங்கி மேலே தெறிக்கும். வேலை முடிந்ததும் சோடா கரைசல் ஊற்றி அமிலத்தை முறித்து, நன்றாக அலச வேண்டும். "வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு அது வேணாம் தம்பி. மெஷின் போட்டே உரசிடலாம்."

கையில் பிடிக்கிற கிரைண்டரில் உரசும் சக்கரம் மாட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தரையின் மேல்தோலை எடுத்தார்கள். சிமெண்ட் தூசியில் இருக்கும் நுண்ணிய மணல்துகள் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். அதனால் இருவரும் முகக்கவசம் கட்டிக்கொண்டார்கள். அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உரசுவதற்கு அதிக நேரம் பிடித்தது புளி மூலைதான். பெயிண்ட் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது.

விரிசல்களை அகலமாகக் கீறி, தூசி ஊதி, ஒட்டும் பால் கலந்த சிமெண்டால் அடைத்தார்கள். சமையலறை வாசல் ஒட்டு இதற்குள் மாதக்கணக்கில் ஆறிவிட்டது. பிறகு இரண்டு வாரம் ஒன்றுமே செய்யவில்லை. மகனுக்கு அந்த இரண்டு வாரம்தான் கஷ்டமாக இருந்தது. ஃபோன் செய்து, "ஆரம்பிக்கலாமா மாமா?" என்று கேட்பான். "சொட்டு விட்டுப் பார்க்கலாம்" என்பார் மேஸ்திரி.

மாசியில் ஒரு சனிக்கிழமை அம்மாவே டம்ளரோடு வந்து கூடத்தின் நடுவில் தண்ணீர் சொட்டினார். சொட்டு நிற்கவில்லை. தரை அதை உறிஞ்சி, அந்த இடம் வட்டமாகக் கறுத்தது. பிளாஸ்டிக் தாளும் கூடத்தில் காய்ந்தே இருந்தது. பின் சுவர் ஓரத்தில் மட்டும் ஈரம் குறைந்திருந்ததே தவிர, முழுதாகப் போகவில்லை.

இரண்டு டப்பாவாக வருகிற எபாக்ஸி பெயிண்ட் வாங்கினார்கள். ஒன்றில் பிசின், இன்னொன்றில் அதை இறுக்கும் மருந்து. இரண்டையும் கலந்துவிட்டால் அதற்கென்று ஒரு நேரக்கெடு உண்டு. வெயில் ஏற ஏற அந்த நேரம் குறையும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, காலை வெயில் ஏறுவதற்குள் அடித்தார்கள். முதலில் அதற்கான பிரைமர். மறுநாள் முதல் கோட்டிங். அது ஈரமாக இருக்கும்போதே, வாசலிலும் சமையலறைப் பக்கமும் சலித்துக் கழுவிக் காயவைத்த பொடி மணலைத் தூவினார் மேஸ்திரி. காய்ந்ததும் ஒட்டாத மணலைக் கூட்டி எடுத்துவிட்டு, மேலே இன்னொரு கோட்டிங். பளபளப்பு இல்லாத சிவப்பாகத் தேடி வாங்கியிருந்தான் மகன். நடக்க ஒரு நாள் கழித்து, பீரோவும் கட்டிலும் ஒரு வாரம் கழித்து என்று உத்தரவு.

இரண்டு இடங்களில் பெயிண்ட் அடிக்கவில்லை. ஒன்று, பின் சுவரை ஒட்டி இரண்டடி அகலம். தரை மூச்சு விடட்டும் என்று மேஸ்திரி விட்டுவிட்டார். இன்னொன்று, புளி மூலை. அது அம்மா சொன்னது. "நான் உக்காந்து தட்டினா எந்தப் பெயிண்டும் நிக்காது. அதை அப்படியே விடுங்க."

இந்தச் சிவப்பு அம்மா பிறந்த வீட்டுச் சிவப்பு இல்லை என்பதையும் மேஸ்திரி சொல்லிவிட்டார். ரெட் ஆக்சைடு தரையில் நிறம் சிமெண்டோடு கலந்து உள்ளே இருக்கும். தேய்ந்தாலும் உரியாது, வருடம் ஆக ஆக மெருகேறும். ஆத்தங்குடிக் கல்லிலும் நிறம் இப்படிச் சிமெண்டோடு சேர்ந்ததுதான். பெயிண்ட் மேலே போர்த்திய துணி. சில வருடம் கழித்துத் தேய்கிற இடத்தில் திரும்ப ஒரு கை அடிக்க வேண்டியிருக்கும்.

"சாணத்தை வாரா வாரம் மெழுகினோம். இதைச் சில வருஷத்துக்கு ஒரு தடவை மெழுகினா என்ன குறைஞ்சா போயிடும்?" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை பஸ்

ஒரு வாரம் கழித்து மகன் வந்தபோது, வாசல் படியில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான். தானே முதலில் ஈரக்காலோடு உள்ளே நடந்தான். நின்றான், திரும்பினான், வேகமாக நடந்தான். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் ஈரத்தில் கால் வைத்தார். மணல் காலைப் பிடித்தது. கூடத்தைத் தாண்டி, சமையலறை வரை போய்த் திரும்பி வந்தார். கதவையோ சுவரையோ பிடிக்கவில்லை.

"ஓசூருக்கு எப்போ வர்றீங்கம்மா?" என்று மகன் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாயங்காலம் செங்கல்லையும் பலகையையும் எடுத்துவந்து, பெயிண்ட் அடிக்காத சுவர் ஓரத்தில் அவனே போட்டான். அதன்மேல் கேழ்வரகு மூட்டையைத் தூக்கி வைத்தான். ஞாயிறு இரவு பஸ் ஏறி ஓசூரில் இறங்கும்போது ஃபோன் வந்தது.

"நாளைக்குப் புளி எறக்கறாங்களாம். ரெண்டு மூட்டை மட்டும் கேட்டிருக்கேன். கை எப்படி இருக்குன்னு பாத்துட்டு, மிச்சம் வாங்கறேன்."